வியாழக்கிழமை மூட்டம்

இந்த நோட்டைப் படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் எழுதினதெல்லாம் மளிகைச் சிட்டையும் கல்யாணக் கவர்மேல் விலாசமும்தான். எங்கே ஒரு வரியை முடிக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடாது. பேசுகிற மாதிரியே போய்க்கொண்டிருப்பேன். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனால், பொங்கி வழிந்த வாசம் வந்த பிறகுதான் பால் ஞாபகம் வரும். ஆகவே முன்னது பின்னது மாறியிருந்தால் கோபப்படாதீர்கள்.

இந்த விஷயத்தில் ஏற்கெனவே ஒரு கடிதம் கொடுத்தாயிற்று. எழுதினது என் மருமகள், கையெழுத்து மட்டும் நான். அரைப் பக்கம்தான். ஆபீசுக்கு அவ்வளவு போதுமாம். எனக்குப் போதவில்லை. அந்தக் கடிதத்தில் ஒரு வரி சரியில்லையோ என்று ஒரு சந்தேகம் வேறு. அதனால் முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு, பாபநாசம் போகிற பஸ் ரோட்டிலிருந்து வாய்க்கால் பக்கம் இறங்குகிற தெருவில் கடைசி. பின்னால் வயல். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் தொழுவம். அப்போது இரண்டு பசு, அதில் ஒன்று நிறைசினை. மூன்று பக்கம் மண்சுவர், மேலே ஓலை, வாசலுக்குச் சாக்குப் படுதா. மகன் டவுனில் எலெக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கிறான், வெள்ளனப் போய் இருட்டினபின் வருவான். பகலில் நானும் மருமகளும்தான்.

வைகாசியில் ஒரு நாள் மொபெட்டில் ஒருத்தர் வந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். தோளில் ஒரு காக்கிப் பை, கையில் நீளமான கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டி. கூட வந்த பஞ்சாயத்து கிளார்க், கொசுவைக் கணக்கெடுக்க கவர்மெண்டில் இருந்து வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வேலைக்கு ஏதோ நீளமான பேர் இருக்கிறது. எங்கள் தெருவில் கொசுக்காரர் என்றுதான் பேர். ராதாபுரம் பக்கத்து ஆள். அந்தக் காட்டில் குடிக்கவே தண்ணீர் கிடையாது, கொசுவுக்கு எங்கே போக, அதனால்தான் கொசுவைத் தேடி இங்கே வந்துவிட்டேன் என்று என் மருமகளிடம் சொன்னார். அவள் சிரித்தாள். அவள் யாரிடமும் சிரித்துப் பேசுவாள். அப்போதே அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியாள் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பால் சொசைட்டியில்கூடப் பாலை ஊற்றிவிட்டு அளவு கேட்காமல் வந்துவிடுவேன், மறுநாள் மருமகள் போய்க் கேட்டுவிட்டு வருவாள். ஆனால் காது நன்றாகக் கேட்கும். கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அது ஒன்றுதானே வேலை.

அவர் சொன்னது இதுதான். இந்த ஊரில் நாலு தொழுவம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருக்க, வியாழக்கிழமை காலையில் வருவார். முதலில் எங்கள் தொழுவம், ஆறு மணிக்கு. கால் மணி நேரம் சுவர், கூரை, மூலை எல்லாம் பார்த்து, உட்கார்ந்திருக்கிற கொசுவைப் பிடித்து எண்ணி எழுதிக்கொள்வார். மலேரியா பரப்புகிற கொசு அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எப்போதும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே ஆள். அப்போதுதான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியுமாம்.

இதை எல்லாம் கேட்டுவிட்டு எனக்கு மனதில் நின்றது ஒன்றே ஒன்றுதான். பதினைந்து நாளைக்கு ஒருக்க கவர்மெண்ட் ஆள் வந்து என் தொழுவத்தில் கொசு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வருகிறார் என்று தெரிந்த உடனே எங்கள் வாத்தியார் எங்களைக் கூட்டிப் பெருக்கச் சொல்வார். சிலேட்டுக்கு எல்லாம் கோவை இலை தேய்க்கச் சொல்வார். கால் ஒடிந்த பெஞ்சைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலில் வைத்துவிடுவார். இன்ஸ்பெக்டர் போன பிறகு பெஞ்சு திரும்பி வரும். நான் படித்த அஞ்சு வகுப்பில் வேறு எது மறந்தாலும் இது மறக்கவில்லை. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அவர்கள் கண்ணில் படக்கூடாதது படக்கூடாது.

ஆகவே அவர் வருகிற வியாழனுக்கு முந்தின புதன்கிழமை பொழுதடைகிற நேரம் நான் தொழுவத்தில் புகைமூட்டம் போட ஆரம்பித்தேன். மூட்டம் எப்போதும் போடுவதுதான். கொசு அதிகமாகி மாடு காலை உதறினால் ஒரு சட்டியில் தணல் போட்டு, மேலே நாலு வேப்பங்கொத்து வைத்தால் போதும். ஆனால் புதன்கிழமைக்கு அது போதாது என்று நினைத்தேன். வாய்க்கால் கரையிலிருந்து நொச்சி ஒடித்து வருவேன். வேம்பும் நொச்சியும் பாதி காய்ந்ததும் பாதி பச்சையுமாக வைத்தால்தான் தீப்பிடிக்காமல் புகை மட்டும் வரும். பசுக்களை வெளியே கட்டிவிட்டு, சாக்குப் படுதாவை இறக்கி, ஓட்டை எல்லாம் துணி வைத்து அடைத்து, ஒரு மணி நேரம் விடுவேன். படுதாவைத் தூக்கினால் என் கண்ணே எரியும். அந்த நேரம் மருமகள் அடுக்களையில் இருப்பாள், புகை வந்தாலும் எப்போதும் போடுகிற மூட்டம் என்றுதான் நினைப்பாள். மறுநாள் விடியும்போது பாலைக் கறந்து வைத்துவிட்டு, சுவரெல்லாம் ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, சாணம் தெளித்து, தொழுவத்து வாசலில் சின்னதாக ஒரு கோலமும் போடுவேன். புகை வாசம் தெரியக்கூடாது என்று சாமி படத்துக்குக் காட்டுகிற சாம்பிராணியைத் தொழுவம்வரை கொண்டு வந்து காட்டிவிடுவேன். மருமகள் எழுந்து வருகிற நேரத்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். அவளுக்கு என்ன தெரியும், அத்தைக்குத் தொழுவத்தின் மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

முதல் வியாழன் நான் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதன் ஒரு முனையில் ரப்பர் குழாய். ரப்பரை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு கையில் டார்ச். சுவரில் வெளிச்சம் அடித்து, பூனை மாதிரி பைய நடந்தார். கண்ணாடிக் குழாயைக் கொசுவின் மேல் வைத்து மூச்சை லேசாக உள்ளே இழுத்தால் கொசு குழாய்க்குள் போய்விடுமாம். பீடியைத் திருப்பி வைத்து இழுக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். கொசு வாய்க்குள் போய்விடாதா? கேட்க எனக்கு வாய் வராது. மருமகள் கேட்டுவிட்டாள்.

குழாய்க்கு நடுவில் வலைத்துணி இருக்கிறது என்று அவர் கழற்றிக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருக்க அந்த வலை கிழிந்திருந்தது தெரியாமல் இழுத்துவிட்டாராம்.

“ருசி எப்படி இருந்தது அண்ணாச்சி?” என்றாள் இவள்.

“உப்புப் போடல, தங்கச்சி” என்றார் அவர்.

நான் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கால் மணி நேரம் ஆனது. குழாய் காலி. ஒண்ணும் இல்லை என்று சொல்லி ரிஜிஸ்டரில் சைபர் போட்டார். எனக்கு இன்ஸ்பெக்டர் வந்து ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போன மாதிரி இருந்தது. அடுத்த தடவையும் சைபர். அதற்கு அடுத்ததும். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்திருந்தால் அது சந்தோஷம் இல்லை என்று தெரிந்திருக்கும். கூரை ஓலைக்குள் டார்ச் அடித்து ரொம்ப நேரம் நிற்பார். மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் குனிந்து பார்ப்பார். ஒரு நாள் மருமகளிடம் கேட்டார், இங்கே மூட்டம் கீட்டம் போடுவியளா என்று. அவள் எப்பவாவது போடுவோம் என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு முழுசும் தெரியும். ஆனால் மூட்டம் போட்டோம் என்று சொன்னால் கொசு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே. பேசாமல் இருந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் எனக்கு வேறு ஒரு பித்து பிடித்தது. ஒரு வியாழன் அவர் அந்த வெள்ளைக் கரண்டியால் எங்கள் கொல்லையை ஒட்டின வாய்க்கால் குழியில் தண்ணீர் மோந்து மருமகளுக்குக் காட்டினார். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் ஓரத்தில் மாட்டுக்குளம்பு பதிந்த குழியில் தண்ணீர் தெளிவாக நிற்கும், அதில். கூத்தாடிப் புழு எல்லாருக்கும் தெரியும், தலைகீழாகத் தொங்கும், தொட்டால் துள்ளும். மலேரியாக் கொசுவின் புழு தொங்காதாம். தண்ணீர் மேலே படுக்கைவாட்டில், துரும்பு மிதக்கிற மாதிரி கிடக்குமாம். வளர்ந்த கொசுவிலும் இப்படி வித்தியாசம் உண்டாம். மற்ற கொசு சுவரில் முதுகைக் கூனிக்கொண்டு சுவரோடு ஒட்டினாற்போல உட்காரும். இது மட்டும் தலையைச் சுவரில் வைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு, முள் குத்தி நிற்கிற மாதிரி சரிந்து உட்காருமாம்.

அறுபத்தெட்டு வயது வரை கொசுவோடுதான் இருக்கிறேன். அது எப்படி உட்காருகிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மருமகள் கடைக்குப் போன நேரம் பார்த்து, சாம்பார்க் கரண்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் குழிக்குப் போனேன். வெள்ளைக் கரண்டி இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சோறு போடுகிற வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். கிடந்தது. துரும்புதான் என்று நினைத்து விரலை நீட்டினேன், பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. அந்தத் தட்டைச் சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவினேன். மருமகளிடம் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்தப் புதன்கிழமைகளில் மூட்டம் போடுவதற்கு முன்னால் மகனுடைய பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவச் சுவரைப் பார்ப்பேன். கண் ஆபரேஷன் செய்துகொண்டதில் இருந்து எனக்குத் துல்லியமாகத் தெரியும். கூனி உட்காருவது நிறைய. நடுவில் ஒன்று, இரண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு. எண்ணுவேன். அழகாகத்தான் இருக்கும். எண்ணி முடித்துவிட்டு மூட்டம் போட்டு விரட்டுவேன். நான் செய்தது அதுதான், கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

ஆடி அமாவாசை வியாழக்கிழமை வந்தது. மகன் அவன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போக வேண்டும். புதன்கிழமை மத்தியானமே அவனோடு நானும் கிளம்பி, விக்கிரமசிங்கபுரத்தில் என் தங்கை வீட்டில் தங்கி, விடியக்காலம் படித்துறையில் குளித்துவிட்டு வந்தோம். பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மருமகள் வாசலிலேயே சொன்னாள். கொசுக்காரர் வந்தாராம். பதிமூன்று கொசு பிடித்தாராம். அதில் மூன்றோ நாலோ அந்த மலேரியா ஜாதி.

“அவருக்கு முகத்துல என்ன சிரிப்புங்கிய அத்தை” என்றாள். “பிள்ளை பொறந்த மாதிரி டப்பாவைத் தூக்கித் தூக்கிப் பாக்காரு.”

எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. ஒன்று கேவலம். நான் ஒரு நாள் இல்லை, அதற்குள் வீட்டு மானம் போய்விட்டது. இன்னொன்று புதிர். கொசு இல்லை என்றால் நல்லதுதானே? பதிமூன்று கொசுவைப் பார்த்து ஒரு மனுஷன் எதற்குச் சிரிக்க வேண்டும்? அன்று படுத்தும் யோசித்தேன், மறுநாள் பால் கறக்கும்போதும் யோசித்தேன். மருமகளிடம் கேட்டேன். பிடிக்கப் போன இடத்துல மீன் கிடைச்சா சிரிக்க மாட்டாவளா என்றாள். எனக்கு அது பிடிபடவில்லை. யோசனை யோசனையாக இருக்க, அவர் அடுத்து வருவதற்கு முந்தின புதன்கிழமை இரண்டு சட்டி மூட்டம் போட்டேன். மறுபடி சைபர். அதற்கு அடுத்ததும் சைபர்.

ஆவணி கடைசியில் நடுத்தெருவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தது. கோவாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்தவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் ஆனால் குளிர் நடுக்கம், நாலு கம்பளி போட்டாலும் கட்டில் ஆடும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்து மலேரியா என்று சொல்லிவிட்டார்கள். பதினாலு நாள் மாத்திரை. அவர் பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அதற்கு அடுத்த வியாழன் கொசுக்காரர் தனியாக வரவில்லை. பின்னால் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஒரு அம்மா இறங்கினார்கள். நாற்பது வயது இருக்கும், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. கொசுக்காரருக்கு மேலதிகாரி.

அன்றைக்கும் சைபர். நான் முந்தின நாள் சும்மா இருந்திருப்பேனா.

ஆபீசரம்மா தொழுவத்துக்குள் நின்றபடியே ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார்கள். நான் வழக்கம்போல ஜன்னலில். அவர்கள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஊரில் மற்ற மூன்று தொழுவத்திலும் ஒவ்வொரு தடவையும் அஞ்சு, பத்து என்று இருக்கிறது, வயலை ஒட்டின இந்தத் தொழுவத்தில் மட்டும் ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்கள். இது முதல் வீடு, ஆறு மணிக்கு வர வேண்டிய வீடு. பிந்தி எழுந்துவிட்டு, வராமலே சைபர் போட்டதாக நான் ஏன் நினைக்கக்கூடாது என்று கேட்டார்கள்.

“வந்தேன் மேடம். பாத்தேன். இல்லை. இல்லைன்னு எழுதினேன்” என்றார் அவர்.

“அப்ப ஆடியில ஒரு தடவை மட்டும் பதிமூணு எப்படி வந்துச்சு? யாரும் கேட்டுடக் கூடாதுன்னு நடுவுல ஒண்ணு போட்டு வெச்சீங்களா?”

தெரியலை மேடம் என்றார் அவர். அந்தப் பதிமூன்றுக்காகச் சிரித்த மனுஷன்.

அவர்கள் மேலும் சொன்னது இது. காய்ச்சல்காரருக்கு நோய் வந்தது வெளியூரில். இந்த ஊரில் அடுத்தவருக்குப் பரவுமா பரவாதா என்று இந்த ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டும். இதை நம்பி நான் எதைச் சொல்வது? உங்கள் ஒப்பந்தம் இந்த வருஷம் புதுப்பிக்க வருகிறது, நான் என்னவென்று எழுதுவது?

மருமகள் நடுவில் புகுந்து, அண்ணாச்சி தவறாமல் வருவார், நான் பார்த்திருக்கிறேன் என்றாள். வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று ஆபீசரம்மா அதைத் தள்ளிவிட்டார்கள்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் அங்கே இருப்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. பேசாமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் தெரியும். நான் பின்வாசல் வழியாகப் போய், வைக்கோல் படப்புக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த மூட்டச் சட்டியை எடுத்தேன். அடியில் நொச்சிச் சாம்பல் இன்னும் இருந்தது. அதைக் கொண்டுபோய்த் தொழுவத்து வாசலில், கோலத்தின் மேலேயே, ஆபீசரம்மா காலடியில் வைத்தேன். வைத்த வேகத்தில் சாம்பல் அவர்கள் செருப்பில் கொட்டிவிட்டது.

“நாந்தான் விரட்டுனேன்” என்றேன். “அவாள் பொய் எழுதல.”

மருமகள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. என் குரலை வெளியாள் இருக்கிற இடத்தில் அவள் கேட்டதே இல்லை.

ஆபீசரம்மா குனிந்து சட்டிக்குள் விரலை விட்டு, சாம்பலை எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். அடுத்து அவர்கள் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். திட்டவில்லை. என்ன இலை, எவ்வளவு நேரம், படுதா இறக்கியா, மாடு உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டார்கள். கடைசியாக, எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

“ஆள் பாக்க வாறாவன்னா வீடு சுத்தமா இருக்க வேண்டாமா அம்மா” என்றேன்.

கொசுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கனேயே மாட்டுத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “எட்டு வியாழக்கிழமை, ஆச்சி” என்றார். “எனக்குக் கண்ணு போயிட்டோன்னு கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன்.”

மருமகள்தான் முதலில் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

ஆபீசரம்மா சிரிக்கவில்லை. அந்தப் பதிமூன்று என்ன என்று மறுபடி கேட்டார்கள். அந்தப் புதன்கிழமை நான் ஊரில் இல்லை, அமாவாசைக்குப் பாபநாசம் போயிருந்தேன் என்றேன். காலண்டர் இருக்கிறதா என்று கேட்டார்கள். மருமகள் அடுக்களைச் சுவரில் தொங்கின மாதக் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். ஆடி மாதம், அமாவாசைக்குக் கறுப்பு வட்டம் போட்டிருந்த தேதி. ரிஜிஸ்டரில் பதிமூன்று எழுதியிருந்த தேதி. ஆபீசரம்மா ஒரு விரலைக் காலண்டரிலும் ஒரு விரலை ரிஜிஸ்டரிலும் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான்.

மூட்டத்துக்கு முன்னால் சுவரில் அந்த மலேரியா ஜாதியை எண்ணுவேன் என்றும் சொல்லிவிட்டேன். அது எப்படி உட்காரும் தெரியுமா உங்களுக்கு என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். நான் கையைச் சுவரில் வைத்து, மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். சட்டென்று கொசுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டார்கள். இல்லை மேடம், ஆச்சி என் முன்னால் வந்ததே இன்றைக்குத்தான் என்றார் அவர்.

கடிதம் எழுதிக் கொடுங்கள், ரிஜிஸ்டரோடு சேர்த்து மேலே அனுப்புகிறேன், ஒவ்வொரு சைபருக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் மூட்டம் போட்டது என்று நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது ஒன்று சொன்னார்கள். உங்கள் வீட்டில் கொசு இருந்தால் அது உங்களுக்கு மார்க் குறைக்கிறது இல்லை அம்மா, எனக்கு வருகிற தகவல் என்று. எனக்கு அப்போதுதான் அந்தச் சிரிப்பு பாதி புரிந்தது.

அடுத்த தடவைக்குச் செவ்வாய்க்கிழமை முதல் மூட்டம் கிடையாது என்று பேச்சு. மாடு இரண்டு நாள் காலை உதறிக்கொண்டே இருந்தது. நான் பனை விசிறியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘அத்தை, மாட்டுக்கு விசிறுததும் விரட்டுத கணக்குத்தான்’ என்று மருமகள் விசிறியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வியாழன் காலையில் நான் ஜன்னலில் நிற்கவில்லை. தொழுவத்துக்குள் ஒரு ஓரமாக நின்றேன். அவர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சுவர் சுவராகப் போனார். இழுக்கிறபோது சின்னதாக ஒரு சத்தம், முத்தம் கொடுக்கிற மாதிரி. மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் இருட்டு மூலையை அவர் தாண்டிவிட்டார். நான் பார்த்துவிட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்று. அவரைத் தம்பி என்று கூப்பிடுவதா, ஐயா என்பதா என்று தெரியாமல் கொஞ்சம் தவித்துவிட்டு, ‘அங்கன ஒண்ணு’ என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பி வந்து அதை எடுத்தார். கால் மணி நேரம் முடிந்தபோது இருபத்தொன்று. அதில் ஆறு அந்த ஜாதி. காகிதக் கப்பில் விட்டு, வாயில் வலை கட்டி, என் கையில் கொடுத்தார். காதருகே வைத்துக் கேட்டேன். சிரித்தேனா என்று தெரியாது, மருமகள் சிரித்தேன் என்கிறாள்.

அதன் பிறகு எங்கள் வாய்க்கால் குழிகளுக்கெல்லாம் மருந்து தெளித்தார்கள், தெருவில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்தார்கள். வேறு யாருக்கும் இல்லை.

இப்போது அந்தக் கடிதத்தில் உள்ள வரிக்கு வருகிறேன். மருமகள் எழுதினது இப்படி: ‘ஆடி அமாவாசை ஒன்று தவிர, ஒவ்வொரு முறையும் முந்தின நாள் மூட்டம் போட்டேன்.’ நான் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் போன வாரம் கன்றுக்குட்டி என் சேலையைச் சப்பிக்கொண்டு நின்றபோது திடீரென்று ஞாபகம் வந்தது. அந்தக் கன்று பிறந்தது ஆனி மாதம். பிறந்த கன்றுக்குப் புகை ஆகாது, கண் பொங்கிவிடும். கன்று ஈன்றால் ஒரு வாரம் தொழுவத்தில் நான் மூட்டம் போட மாட்டேன், அது கட்டாயம். அந்த வாரம் அவர் வருகிற வாரமா, வராத வாரமா? எனக்கு எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவர் வந்து, பசு முட்ட வந்ததால் பைய நடந்தார் என்று ஒரு நினைப்பு. அது வேறு நாளாகவும் இருக்கலாம்.

அவர் வந்த வாரம்தான் அது என்றால், அந்த ஒரு சைபர் நான் விரட்டினதால் வந்தது இல்லை. நிஜமாகவே கொசு இல்லாத சைபர். அப்போது வாய்க்காலில் தண்ணீர் விடாமல் வயலெல்லாம் காய்ந்து கிடந்தது, அதனால் இருக்கலாம். ஆபீசரம்மாவுக்கு அது ஒரு தகவல். ஆனால் அதன் பக்கத்திலும் சிவப்பு மையில் மூட்டம் என்று எழுதியிருப்பார்கள், என் கையெழுத்தை நம்பி. கொசுக்காரருக்கு ஒப்பந்த உத்தரவு இன்னும் வரவில்லை, காகிதம் மேலே இருக்கிறது. நாளைக்கு யாராவது அந்த ஒரு வரி தப்பு என்று கண்டுபிடித்து, அப்படியானால் கிழவி சொன்னது மொத்தமும் தப்புதான் என்று முடிவு கட்டிவிட்டால் என்ன செய்ய?

கன்று பிறந்த தேதி மாட்டாஸ்பத்திரி அட்டையில் இருக்கிறது. அட்டையை இன்ஷூரன்ஸுக்கு என்று மகன் டவுனுக்குக் கொண்டுபோனான், கடை மேஜையில் கிடக்கிறதாம். ரிஜிஸ்டர் ஆபீசில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பும் இல்லை, போய்க் கேட்க வாயும் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் யாராவது, என் மருமகளானாலும் சரி, அந்த அட்டையில் உள்ள ஆனி மாதத் தேதியையும் ரிஜிஸ்டரில் உள்ள ஆனி வியாழக்கிழமைகளையும் ஒருக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒத்துவந்தால் அந்த ஒரு சைபருக்குப் பக்கத்தில் உள்ள சிவப்பு எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். நான் இங்கே எழுதின பதிமூன்று, இருபத்தொன்று, ஆறு எல்லாம் சரிதானா என்றும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.